எங்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்

திருச்சபை அருட்பணிக் குழுவின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

குறுகியகால ஊழியப் பயணங்களுக்கான புதிய விதிமுறைகள் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எங்கள் சபையிலும் வாசிக்கப்பட்டது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் மூன்று நிபந்தனைகள். பயணத்தில் சேரும் இளையோர் ஒவ்வொருவரும் 850 வெள்ளி (ரிங்கிட்) கட்ட வேண்டும். ஆங்கிலத்தில் நடக்கும் நேர்காணலில் தேற வேண்டும். கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது படித்து முடித்திருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் ‘அனுப்பும் சபைகள்’, வலப்பக்கம் ‘ஊழியம் பெறும் சபைகள்’. நகரத்துச் சபைகள் எல்லாம் இடப்பக்கம். தோட்டப்புறத்துச் சபைகள் ஒன்றுவிடாமல் வலப்பக்கம். அந்த வரிசையின் அடியில், செமாய் பழங்குடிக் கிராமங்களுக்குச் சற்று மேலே, எங்கள் சபையின் பெயர் இருக்கிறது.

இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டேன். பயணங்களின் தரத்தை உயர்த்துவதற்காக என்று சொன்னார். போன ஆண்டுப் பயணத்தை ஆராய்ந்து பார்த்துத்தான் முடிவெடுத்தோம் என்றும் சொன்னார். என் மனம் ஆறாமல் போனது அந்தச் சொல்லில்தான். ஏனென்றால் அந்தப் பயணத்தில் எங்கள் பட்டணத்துப் பிள்ளைகள் நான்கு பேர் போனார்கள். பெண்பிள்ளைகளுக்குத் துணையாக நானும் போனேன். உங்கள் அறிக்கையைப் படித்தேன். எத்தனை பெட்டி பொருள் கொடுக்கப்பட்டது, எத்தனை சிறுவர்கள் கூடினார்கள் என்ற கணக்கெல்லாம் அதில் ஒழுங்காக இருக்கிறது. நான் கண்ணால் கண்டதும் என் விசுவாசத்தைத் திருத்தியதும் அதில் இல்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையை நீங்கள் அறிவீர்கள். லாத்தா இஸ்கண்டர் நீர்வீழ்ச்சியைப் பார்க்க எல்லாரும் வண்டியை நிறுத்துகிற சாலை. அதன் ஓரத்துக் கொட்டகைகளில் பெத்தாய் என்னும் காட்டு அவரையும் மூங்கில் குருத்தும் விற்றுக்கொண்டிருப்பவர்கள் செமாய் மக்கள். மலேசியாவிலுள்ள 18 ஓராங் அஸ்லி (பழங்குடி) பிரிவுகளில் எண்ணிக்கையில் பெரியது அவர்களுடையது. நாங்கள் போன கிராமம் சாலையிலிருந்து பிரியும் செம்மண் தடத்தில் வெகுதூரம் உள்ளே இருக்கிறது. மூங்கில் தட்டியால் சுவர் வைத்த சிறிய ஜெபவீடு. வீட்டுக்குள் அவர்கள் செமாய் பேசுகிறார்கள். வெளியாரோடு மலாய் பேசுகிறார்கள். அங்கே வேதம் வாசிக்கப்பட்டது மலாய் மொழியில். பாட்டும் பெரும்பாலும் மலாய்தான்.

நிகழ்ச்சியோ ஆங்கிலத்தில் தயாராகி வந்திருந்தது. நகரத்துப் பிள்ளைகளைக் குறைசொல்வது என் நோக்கம் அல்ல. நல்ல பிள்ளைகள்; மனம் வைத்து உழைத்தார்கள். ஆனால் அவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதை ஒருவர் மலாயில் சொல்ல, அதை ஊரார் ஒருவர் செமாயில் எடுத்துச் சொல்ல, யோனாவின் கதை கப்பலை விட்டு இறங்குவதற்குள் சிறுவர்கள் எழுந்து ஆற்றுக்குப் போய்விட்டார்கள். அந்த மாலையில் எங்கள் பட்டணத்துத் தம்பி ஒருவன் ஜெபவீட்டுப் படியில் ஊர்த்தலைவரான தோக் பாத்தினோடு உட்கார்ந்திருந்தான். எங்கள் தம்பி படிவம் ஐந்தோடு பள்ளியை விட்டவன். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டுகிறான். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி நாள் முழுவதும் அண்ணாந்து வெட்டுகிற வேலை. இருபது வயதிலேயே கழுத்தைத் திருப்ப முடியாமல் வலி என்பான். அவனுக்கு ஆங்கிலம் தடுமாறும். மலாய் தண்ணீர் பட்ட பாடு.

பெரியவர் நிலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா காலத்தில் நட்ட டுரியான் மரங்கள் நிற்கிற காடு. உன்னுடையது என்பதற்குக் காகிதம் எங்கே என்று கேட்கிறார்கள், காகிதம் இல்லை. சிலாங்கூரில் புக்கிட் தம்போய் ஊரின் தெமுவான் பழங்குடி மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில், மரபு நிலத்தின்மேல் அவர்களுக்கு உரிமை உண்டு என்று உயர்நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்ததும், 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் உங்களில் படித்தவர்கள் அறிந்ததே. அப்படியிருந்தும் ஒவ்வொரு கிராமமும் தன் நிலத்துக்குத் தானே நின்று வாதாட வேண்டியிருக்கிறது. தோக் பாத்தின் இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர். எங்கள் தம்பியிடம் நேராகவே கேட்டார்: “நீங்கள் வந்து ஜெபிக்கிறீர்கள். நாளைக்கு இந்த இடம் வேண்டும் என்று ஆள் வந்தால் உங்கள் ஆண்டவர் என்ன செய்வார்?”

நான் இரண்டு படி மேலே, அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் கை நின்றுவிட்டது. இத்தனை ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் செங்கடல் பிளந்ததையும் எரிகோ மதில் விழுந்ததையும் சொல்லிக்கொடுத்தவள் நான். அவற்றில் ஒன்றை எடுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவன் பேசினான். “எங்கள் தோட்டத்தையும் விற்றார்கள், தோக். என் தாத்தா வாழ்நாள் முழுவதும் ரப்பர் பால்மரம் வெட்டிய இடம். கம்பெனி கொடுத்த லயத்து வீட்டுக்கு எங்களிடமும் காகிதம் இல்லை. காலி செய்யச் சொன்னார்கள். ஆண்டவர் கம்பெனியைத் தடுக்கவில்லை. நாங்கள் கிளம்பியபோது அவரும் எங்களோடு கிளம்பி வந்தார். இன்றைக்கும் கூட இருக்கிறார்.”

பெரியவர் மறுமொழி சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய், வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை வாழை இலையோடு கொண்டுவந்து அவன் முன் வைத்தார். தானும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு இருள் சூழும்வரை இருவரும் பேசினார்கள். மறுநாள் காலை ஆராதனைக்குத் தோக் பாத்தின் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அதுவரை அவர் ஆராதனைக்கு வந்ததில்லை என்று ஊர்ச் சபையார் சொன்னார்கள்.

ஐயா, நான் சிறுமியாக இருந்த நாள் முதல், கேட்டதைத் தருகிற ஆண்டவர் என்றுதான் சாட்சி கேட்டு வளர்ந்தேன். வேலை கிடைத்தது, நோய் தீர்ந்தது, வீடு அமைந்தது. அதெல்லாம் உண்மையான சாட்சிகளே. ஆனால் கேட்டது கிடைக்காமல் போன இடத்திலும் ஆண்டவரை விடாமல் பிடித்துக்கொண்டு, அதை மறைக்காமல் இன்னொருவரிடம் சொல்கிற விசுவாசத்தை நான் அந்தப் படியில்தான் கேட்டேன். அதைச் சொல்வதற்கு ஒருவன் எதையாவது இழந்திருக்க வேண்டும். இழந்தவன்தான் அந்தப் பெரியவரின் கேள்விக்கு முன்னால் கூச்சமில்லாமல் உட்கார முடியும். உங்கள் புதிய விதிகளின்படி இந்தத் தம்பிக்கு அடுத்த பயணத்தில் இடமில்லை. மூன்று நிபந்தனையிலும் அவன் தோற்றுப்போவான்.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பட்டணத்துச் சூப்பர்மார்க்கெட்டில் காசாளராக இருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்கு வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்பு. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு, வண்டி பிடித்து, அழைத்துப்போய் அழைத்துவருகிறவள் அவள்தான். கிராமத்தில் வீடு வீடாகப் போய் ஜெபிப்பது நிகழ்ச்சி நிரலில் இருந்தது. ஒரு வீட்டில் வயதான செமாய் பாட்டி ஒருவர் முழங்கால் வலியோடு படுத்திருந்தார். குழு அவரைச் சுற்றி நின்று ஜெபித்தது. அடுத்த வீட்டுக்குக் கிளம்பியது. இவள் மட்டும் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, கிளினிக் எத்தனை தூரம், மருந்து இருக்கிறதா, யார் சமைத்துத் தருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டி திரும்பக் கேட்டார்: “உன் வீட்டில் யார் இருக்கிறார்கள்?” அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தவளால் முடிக்க முடியவில்லை. அந்தப் பாட்டி எழுந்து உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் அவள் தலையில் வைத்து, செமாய் மொழியில் ஜெபித்தார். ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியவில்லை. அவள் அம்மாவின் பெயர் மட்டும் நடுவில் இரண்டு முறை கேட்டது.

வீடு திரும்பிய பிறகும் அந்த ஜெபத்தைப் பற்றி அவள் பேசிக்கொண்டே இருந்தாள். “டீச்சர், எங்கள் பட்டணத்துக்கு எத்தனையோ குழுக்கள் வந்து எங்களுக்காக ஜெபித்திருக்கின்றன. நீங்களும் எங்களுக்காக ஜெபியுங்கள் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா?” என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். இல்லை. எங்கள் சபைக்கு வருகிற குழுக்களில் யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை.

அறிக்கையில் வராத இன்னொன்று. குழுவில் ஒருவர் துண்டுப் பிரசுரங்களைக் கொண்டுவந்திருந்தார். வழியில் கண்ட எல்லாருக்கும் கொடுக்கத் தொடங்கினார். அந்தக் கிராமத்தில் சில குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியவை. முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதைச் சட்டம் இயற்றிக் கட்டுப்படுத்தலாம் என்று நம் அரசியலமைப்பின் 11(4)ஆம் விதி கூறுகிறது. மாட்டிக்கொண்டால் நாம் வண்டியேறிப் போய்விடுவோம்; பதில் சொல்ல வேண்டியவர்கள் அங்கேயே இருக்கிற சிறிய சபையார். எங்கள் பிள்ளை ஒருத்தி அதைக் கண்டு, யாரையும் வெட்கப்படுத்தாமல், பிரசுரங்களை வாங்கிப் பையில் வைத்துவிட்டாள். அவள் மாரியம்மன் கோவிலுக்கும் முஸ்லிம்களின் தொழுகை இடமான சூராவுக்கும் நடுவில் வீடு இருக்கிற பட்டணத்தில் வளர்ந்தவள். திருவிழாவுக்குக் கோவில்காரர்களுக்குத் தண்ணீர்ப் பந்தலில் உதவுகிறோம். எங்கள் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவர்கள் நாற்காலி தருகிறார்கள். பிற சமயத்தாரோடு மரியாதையாக வாழ்ந்துகொண்டே கிறிஸ்துவைச் சொல்வதற்கு எங்களுக்குத் தனிப் பயிற்சி வகுப்பு நடத்தியதில்லை. அதைச் செய்துகொண்டுதான் வாழ்கிறோம்.

புறப்படும் நாள் காலையில் நடந்ததையும் நீங்கள் கேட்க வேண்டும். விரும்பியது கிடைக்காமல் போகிற மனிதருக்குக் கேடு நேரும் என்பது செமாய் மக்களிடையே வழிவழியாக வந்த நம்பிக்கை. வீட்டுக்கு வந்தவர் முன் இருப்பதை வைக்காமல் அவர்கள் விடமாட்டார்கள். அன்று காலை ஜெபவீட்டு வாசலில் கட்டுக் கட்டாகப் பெத்தாய், ஒரு கோணிப் பை மரவள்ளிக் கிழங்கு, மூங்கிலில் வேகவைத்த சோறு. உங்கள் பட்டணத்துச் சபைக்கு எங்கள் காணிக்கை என்றார்கள். சாலையோரத்தில் விற்றால் அந்த வாரச் செலவுக்கு ஆகக்கூடிய பெத்தாய் அது. குழுத் தலைவர் பதறிப்போனார். இவர்களிடமிருந்து நாம் வாங்கக்கூடாது, கொடுக்கத்தானே வந்தோம் என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சபையாரின் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். எங்கள் தம்பி முன்னால் போய், கோணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “தெரிமா காசே, வரும் ஞாயிறு எங்கள் சபையில் இதைச் சமைத்துச் சாப்பிடுவோம், உங்களுக்காக ஜெபிப்போம்” என்றான். அப்படியே செய்தோம்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தை நான் பலமுறை படித்தவள்தான். மக்கெதோனியா நாட்டுச் சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்தன. எருசலேமிலிருந்த விசுவாசிகளுக்கு உதவித் தொகை சேர்த்தபோது, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் பவுலிடம் மிகவும் வேண்டிக்கொண்டார்கள். திராணிக்கு மிஞ்சியும் கொடுத்தார்கள். ஏழைகள் கொடுத்ததுதான் அந்தப் பகுதியில் வியப்பு என்று இதுவரை நினைத்திருந்தேன். கோணிப் பையைப் பார்த்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அவர்கள் கெஞ்ச வேண்டியிருந்தது. யாரோ அவர்களை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், அல்லது பவுலே தயங்கியிருக்க வேண்டும். இன்று உங்கள் குழுவின் முன் நாங்கள் நிற்கிற இடம் அதுதான்.

இனி உங்கள் நிபந்தனைகளுக்கு வருகிறேன்.

850 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிற குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் சரிபாதியை நீங்கள் கேட்கிறீர்கள். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு வாடகையும் தம்பி தங்கையின் பள்ளிச் செலவும் மோட்டார் சைக்கிள் தவணையும் அடங்க வேண்டும். நாங்கள் போன கிராமத்துக்கு எங்கள் பட்டணத்திலிருந்து வண்டியில் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. எங்கே செலவாகிறது இந்த 850? சட்டை, பதாகை, பரிசுப் பொருள், நகரத்திலிருந்து வரும் பஸ், தங்கும் விடுதி என்று செயலாளர் விளக்கினார். கர்த்தர் எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பினபோது பணப்பையும் சாமான் பையும் வேண்டாம் என்றார். போகிற வீட்டிலேயே தங்கி, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடச் சொன்னார். லூக்கா 10ஆம் அதிகாரம். அந்தக் கட்டளைப்படி போவதற்கு எங்கள் பிள்ளைகளிடம் இப்போதே எல்லாம் இருக்கிறது.

ஆங்கில நேர்காணல். போகிற இடத்தில் பேசப்படாத மொழியில் எதற்காகத் தேர்வு வைக்கிறீர்கள்? வெளிநாட்டுப் பயணங்களுக்கு ஆங்கிலம் வேண்டியிருக்கலாம். தாப்பா மலைச் சாலையில் உதவியது மலாய். தோட்டங்களுக்குப் போனால் உதவுவது தமிழ். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் வரும். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்து, மலாய் போதாது என்று புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்து, இடைநிலைப்பள்ளியில் அதே மலாயில் எல்லாப் பாடத்தையும் படித்தவர்கள் இவர்கள். அந்த உழைப்பை உங்கள் நேர்காணல் ஒரு மதிப்பெண்ணாகக்கூடக் கணக்கில் எடுக்கவில்லை.

கல்லூரிப் படிப்பு. இதைப் பற்றி எழுதவே எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆலோசனைச் சங்கத்தார் பேதுருவையும் யோவானையும் படிப்பறியாதவர்கள் என்று கண்டார்கள், அவர்கள் இயேசுவோடு இருந்தவர்கள் என்றும் அறிந்துகொண்டார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. உங்கள் விதி நடைமுறையில் இருந்திருந்தால் அந்த இருவரும் எருசலேமைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

தயாரிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு விதிகள் வேண்டும். வேதத்தை ஒழுங்காகப் படித்தவர்கள்தான் போக வேண்டும் என்று சொல்லுங்கள்; எழுத்துத் தேர்வு வையுங்கள்; எங்கள் பிள்ளைகளை உட்கார வைக்கிறேன். பணத்தையும் பட்டத்தையும் ஆங்கிலத்தையும் வைத்து விசுவாசத்தின் தரத்தை அளப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

‘பெறும் சபை’ என்ற வரிசையில் இருப்பது எப்படியிருக்கும் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் ஒரு குழு வருகிறது. வருகிறவர்களை அன்போடு வரவேற்கிறோம். எங்கள் பெண்கள் அதிகாலையில் எழுந்து சமைக்கிறார்கள். விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கிறது. எங்கள் சிறுவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த கதைகளே மறுபடியும் சொல்லப்படுகின்றன. வண்ணப் பென்சில் தருகிறார்கள். படம் எடுக்கிறார்கள். பிறகு அந்தப் படங்கள் முகநூலில் வருகின்றன. ஒருமுறை எங்கள் ஞாயிறு பள்ளிச் சிறுமி ஒருத்தியின் படத்துக்குக் கீழே, ‘ஒன்றுமில்லாதவர்களிடம் கண்ட மகிழ்ச்சி’ என்று எழுதியிருந்தது. அவளுடைய அண்ணன் அதை எனக்குக் காட்டினான். அவள் அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். பாடுபட்டு இரண்டு அறை வீடு வாங்கியிருக்கிறார்கள். அந்த வாக்கியத்தைப் படித்த அந்த வீட்டார் பல வாரங்கள் சபைக்கு வரவில்லை. எழுதியவர் தீங்கு நினைத்து எழுதியிருக்கமாட்டார். ஆனால் எங்களிடம் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கவேயில்லை. பெறுகிறவர்கள் என்று ஏற்கெனவே எழுதி வைத்துவிட்ட வீட்டில் யார் போய் அதைக் கேட்பார்கள்?

எங்களிடம் இருப்பதைச் சொல்கிறேன். ஜப்பானியர் காலத்தில், 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் பாட்டன் போனார், வரவில்லை. லயத்தில் ஜெபம் நடத்திய உபதேசியாரும் போனார், வரவில்லை. அந்த ஆண்டுகளில் ஞாயிறு ஜெபத்தை நிறுத்தாமல் நடத்தியவர்கள் என் பாட்டியும் அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்களும். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சங்கீதங்களை மனத்திலிருந்தே சொல்வார். மரவள்ளிக் கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய் கிடைக்காததால் இருட்டில் உட்கார்ந்து நடத்திய ஜெபத்திலிருந்து வந்ததுதான் இன்று உங்கள் வலப்பக்க வரிசையில் இருக்கிற சபை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1960இல், மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கேட்டார். பால்மரம் வெட்டிய சம்பளத்திலிருந்து அதைக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. எங்கள் அப்பாவின் பங்குப் பத்திரத்தை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். எங்கள் மக்களிடம் கேட்கத் தெரிந்தவர் கேட்டால் கொடுப்பார்கள். மொத்தமாக 850 வெள்ளியை ஒரே வாரத்தில் கட்டு என்று கேட்பது அப்படிக் கேட்பது ஆகாது.

ஆகவே குழுவிடம் நாங்கள் கேட்பவை இவை. என்னோடு எங்கள் சபையின் மூப்பர்களும் இளையோரும் இதில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

முதலாவது, ‘அனுப்பும் சபைகள்’, ‘பெறும் சபைகள்’ என்ற அட்டவணையைத் திரும்பப் பெறுங்கள். எல்லாச் சபைகளையும் ஒரே பட்டியலில் எழுதுங்கள்; எந்தச் சபையிலிருந்து யார் எங்கே போகிறார்கள் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறட்டும். செமாய் சபைகளும் அதே பட்டியலில் இருக்க வேண்டும்.

கல்லூரிப் படிப்பு என்ற நிபந்தனையை முழுமையாக நீக்குங்கள். நேர்காணலை, போகிற இடத்தில் பேசும் மொழியில் நடத்துங்கள். நேர்காணல் குழுவில் தோட்டப்புறத்துச் சபையார் இருவர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பயிற்சி முகாமை ஒவ்வொரு முறையும் நகரத்தில் வைக்காமல் எங்கள் பட்டணத்திலும் வையுங்கள். இடமும் சாப்பாடும் நாங்கள் தருகிறோம்.

கட்டணத்தைப் பயணத்தின் உண்மையான செலவுக்குக் குறைத்து, கணக்கை எல்லாச் சபைகளுக்கும் காட்டுங்கள். மாதம் பத்து வெள்ளி என்று தவணையாகக் கட்ட வழி செய்யுங்கள். மீதியை எங்கள் சபை பொறுப்பேற்கும். இலவசமாக அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

சிறுவர்களின் படங்களைப் பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் யாரும் வெளியிடக்கூடாது என்று விதி எழுதுங்கள். ஏற்கெனவே வெளியிட்டவற்றை நீக்கச் சொல்லுங்கள். நான் குறிப்பிட்ட அந்தக் குடும்பத்தை உங்கள் குழுவிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

கடைசியாக, அடுத்த பயணத்தில் எங்கள் பட்டணத்துக்கு ஒரு குழுவை அனுப்ப நீங்கள் திட்டமிட்டிருப்பது தெரியும். அந்தக் குழு செமாய் கிராமத்துச் சபையிலிருந்து வரட்டும். எங்களுக்காக ஜெபிக்கவும் எங்களுக்குப் பிரசங்கிக்கவும் அவர்களை அழைக்கிறோம். அவர்களுடைய பஸ் செலவை மட்டும் உங்கள் நிதியிலிருந்து கொடுங்கள். தங்குவதற்கு வீடுகள் தயாராக இருக்கின்றன. காசாளர் பிள்ளையின் வீட்டில், அவள் அம்மாவின் அறைக்குப் பக்கத்து அறையை, அந்தப் பாட்டிக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

பெயர்ப் பதிவு முடிவதற்கு முன் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். பதிவு முடிந்த பிறகு வரும் பதிலால் இந்த ஆண்டு எங்கள் பிள்ளைகளுக்குப் பயன் இராது. குழுவிலிருந்து யாராவது வந்து பேச விரும்பினால், எந்த ஞாயிறும் ஆராதனைக்குப் பிறகு சபையார் கூடிக் கேட்கக் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்
பத்தாங் பாடாங் மாவட்டத்துத் தோட்டப் பட்டணம், பேராக்